பெட்டியோடா, பையோடா

ராயப்பன்பட்டி
2.12.2025, செவ்வாய்

அன்புள்ள இவாஞ்சலினுக்கு,

அருண் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வரலாம் என்று உட்கார்ந்தேன். சுகம்தான். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. எனக்குச் சளி விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை, அதைத் தவிர வேறு குறை ஒன்றுமில்லை. சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கும், நானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறேன். இது ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாது. வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

அதைப் போனில் சொல்ல என்ன கேடு என்பாய். போனில்தான் நான் பொய் சொல்கிறேன். போன வியாழக்கிழமை நீ கேட்டாயே, "கிறிஸ்துமஸ் லீவுக்குப் பெட்டியோட வரவா, பையோட வரவா? நீதானே இதுல என்னைக் கொண்டுபோய் விட்ட, நீயே சொல்லு" என்று. பையோடு வந்தால் திரும்பப் போவாய். பெட்டியோடு வந்தால் எம்.டி.எஸ் படிப்பை விட்டுவிட்டு வருகிறாய் என்று அர்த்தம், அப்புறம் அந்தக் கதவு திறக்காது. எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் "ஹலோ, ஹலோ, கேக்கல" என்று கத்திவிட்டுக் கட் பண்ணினேன். மலைப்பக்கம் மழை, சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் முழுசாக இருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது, அம்மா எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

கிளினிக் எப்படிப் போகிறது என்று கேட்பாய், அதையும் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தில் விடாத தூறல், சாயங்காலம் கூட்டம் குறைவு. வருகிறவர்களில் பாதிப் பேர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் "பல்லு எடுக்குற டாக்டரம்மா இல்லையா?" என்கிறார்கள். நீ எடுக்க, நான் அடைக்க என்று நாம் வேலையைப் பிரித்துக்கொண்டது இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஆனைமலையன்பட்டி திராட்சைத் தோட்டத்துக்காரர் சுருளி அண்ணனுக்குக் கீழே ஞானப்பல் படுத்துக்கொண்டு முளைத்திருக்கிறது, கன்னம் வீங்கி வந்தார். நான் எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. தேனிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதப் போனேன். "வேணாம் சார், அவுக எப்ப வருவாக? அவுக வந்த பொறவு எடுத்துக்கிறேன்" என்று மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். உன்னைக் கேட்டு யாராவது வந்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பெருமைக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருக்கிறது. அதன் பெயர் எனக்குத் தெரியும், எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதாமல் மேலே போக முடியவில்லை. கல்லூரியில் ஓரல் சர்ஜரி, ஓரல் சர்ஜரி என்று தூக்கத்தில்கூட உளறியவன் நான். நீ அரியரை முடித்தால் போதும் என்று இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு நீட் எம்.டி.எஸ்ஸுக்கு நான்தான் படித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டாய். கேட்டுக் கேட்டே உனக்குப் பதில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. சும்மா துணைக்கு எழுதுகிறேன் என்றுதான் என்னோடு மதுரைக்கு வந்து எழுதினாய். ரேங்க் வந்த அன்று என் நம்பரைப் பார்த்தோம், உன் நம்பரைப் பார்த்தோம். நீ அழுதாய். நான் கேக் வாங்கி வந்தேன். அன்று யார் அழுதிருக்க வேண்டும், யார் கேக் வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குக் குழப்பம்.

அதற்குப் பிறகு கவுன்சலிங். பல்லுக்குக் கம்பி போடுகிற படிப்பு பக்கத்தில் எங்காவது கிடைத்தால் போதும் என்றாய். நான் விடவில்லை. இவ்வளவு நல்ல ரேங்கை வைத்துக்கொண்டு யாராவது ஓரல் சர்ஜரியை விடுவார்களா என்று சண்டை போட்டேன். "எனக்குத் தலை சுத்துது, உனக்கு எது சரின்னு படுதோ போட்டுக்கோ" என்று நீ எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாய். வடக்கே இருக்கிற அந்தக் கல்லூரியின் ஓரல் சர்ஜரியை முதலில் போட்டு லாக் செய்தது என் விரல். என் ஆசைக்குள் உன்னை அனுப்பிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். தூக்கமில்லை, இந்தி புரியவில்லை, சீனியர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார், சப்பாத்தி தொண்டையில் நிற்கிறது என்று நீ சொல்லும் ஒவ்வொன்றுக்கும் நான் பொறுப்பு.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உனக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று கோயிலுக்குப் போனேன். பீட்டர்ராஜ் உபதேசியார்தான் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். "இவாஞ்சலினுக்காக" என்றேன். என்ன கருத்து, எதை வேண்டி என்றார். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "அங்கன இருந்து நல்லா இருக்கணுமா, இங்கன வந்து நல்லா இருக்கணுமா? யோசிச்சுச் சொல்லுப்பா" என்றார். யோசித்திருக்கலாம். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். "வரணும்னு போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் திருவருகைக்காலம் முதல் ஞாயிறு, கோயில் நிறைய ஆட்கள். ஃபாதர் வழக்கம்போலப் பூசைக் கருத்துகளை வாசித்தார். ஒருவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, ஒரு வீட்டுப் புது போர்வெல்லில் தண்ணீர் வற்றாமல் இருக்க, அப்புறம் "இவாஞ்சலின் விரைவில் வீடு திரும்ப வேண்டி, கணவர் அருண் ஜோசப்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஃபாதர் அடுத்ததை வாசிக்க வாயைத் திறந்து, நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "இவாஞ்சலின் மேற்படிப்பை அங்கேயே இருந்து நல்லபடியாக முடிக்க வேண்டி, மாமியார் ஞானசெல்வி."

பாட்டுக் குழுவில் யாரோ சிரிப்பை அடக்கியது மைக்கில் கேட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள், அங்கிருந்து எல்லோரும் இங்கே திரும்பினார்கள். ஒரே வீட்டிலிருந்து ஆண்டவருக்கு இரண்டு விண்ணப்பம், ஒன்றுக்கொன்று நேர் எதிராக. அம்மா மட்டும் பீடத்தைப் பார்த்தபடி நேராக நின்றார். பூசை முடிந்து வெளியே வந்தால் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்னிடம் கோபித்துக்கொண்டு போய்விட்டாயா என்று இரக்கமாகக் கேட்கிறார். இல்லை, படிக்கப் போயிருக்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் அவ்வளவு உறுதி இல்லை.

நீ அம்மாவுக்குப் பயந்துதான் பெட்டியா பையா என்று தவிக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நீ கிளம்பிய அன்று, கல்யாணமாகி வருஷம்கூட முழுசாக ஆகவில்லையே என்று அழுது, ரயிலடிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் அவர்தானே. அதனால் வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன், உங்களுக்கு என்ன திடீர் ஞானோதயம் என்று. அம்மா முக்காட்டை எடுத்து மடித்து வைத்தார். "வியாழக்கெழம சிக்னல் இருந்துச்சுல்ல?" என்றார்.

"அவ தோத்து வந்தா நீ சந்தோசப்படுவ. அத என் கண்ணால பாக்க எனக்கு இஷ்டமில்லடா. அவ அங்கனயே இருந்து படிக்கட்டும்" என்றார்.

நான் கத்தினேன், இவா. கட்டிய பெண்டாட்டி கஷ்டப்படுகிறாள், வா என்று சொல்வது ஒரு குற்றமா, பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது என்று என்னென்னவோ கத்தினேன். அம்மா உலை வைக்கப் போய்விட்டார். அதிலிருந்துதான் பேச்சு இல்லை. என் பக்கத்தில் அது கோபத்தால் இல்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அன்று சாயங்காலமே எனக்கு ஆறியிருக்கும்.

அக்டோபரில் ஒரு நாள் நீ கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? லாரி இடித்துத் தாடை இரண்டாக உடைந்து வந்த ஒருவருக்கு முதல்முறையாக உன்னைக் கம்பி கட்டவிட்டார்கள் என்றாய். பிளேட் வைக்கும்போது ஒரு ஸ்க்ரூவை உன் கையில் கொடுத்தார்கள் என்றாய். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்தி உட்கார்ந்ததைச் சொன்னாய், திரும்பவும் சொன்னாய், மறுபடி முதலிலிருந்து சொன்னாய். அன்றைக்குத் தூக்கம், சீனியர், சப்பாத்தி எதுவும் உன் வாயில் வரவில்லை. சூப்பர் என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அன்றும் எதிரில்தான் இருந்தார்.

அதனால் இப்போது என் வார்த்தையை நானே நம்ப முடியாத நிலையில் இருக்கிறேன். வந்துவிடு என்று எழுதினால், உன்மேல் உள்ள பிரியத்தில் எழுதுகிறேனா, நீயும் என்னைப் போலக் கிளினிக்கில் வந்து உட்கார வேண்டும் என்று எழுதுகிறேனா? இரு என்று எழுதினால், உனக்காகவா, என்னால் முடியாததை நீயாவது முடித்துக் காட்ட வேண்டும் என்றா? நேற்று முழுக்க ஒரு வரி எழுதி அடித்து, அதற்கு எதிர் வரி எழுதி அடித்து, தாள்தான் வீணாயிற்று. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை என்பது மட்டும் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் உண்மையாக நிற்கிறது. ஆனால் அதை வைத்து நீ முடிவெடுக்க வேண்டாம்.

ஒன்று தோன்றியது. கல்லூரிகளை வரிசைப்படுத்தியபோதும், ரயில் ஏற்றியபோதும், நீ ராத்திரி டியூட்டி முடிந்து கூப்பிட்டபோதும், முடிகிறதா, முடிகிறதா என்றுதான் கேட்டிருக்கிறேன். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கஷ்டத்தை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்தத் தாடை பொருந்தி உட்கார்ந்த நிமிஷத்தை மட்டும் வைத்துச் சொல். எனக்குப் பிடித்ததா அம்மாவுக்குப் பிடித்ததா என்று பார்க்காதே.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பூசைக்கு உன் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை என்ன கருத்து என்று உபதேசியார் கேட்டார், சிரிக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ எழுதி அனுப்புவதை அப்படியே என் பெயரில் வாசிக்கச் சொல்கிறேன். ஊரே திரும்பிப் பார்த்தாலும் இந்த முறை தலை குனிய மாட்டேன். பெட்டியோடு வந்தாலும் பையோடு வந்தாலும் தேனி ஸ்டேஷனில் வந்து நிற்பேன். எந்த முகத்தோடு நிற்பேன் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அன்று அதையும் நீயே பார்த்துக்கொள்.

அம்மா உனக்கு ஒரு ஸ்வெட்டரும் இட்லிப்பொடியும் கட்டி, என்னிடம் சொல்லாமல் மேசைமேல் வைத்திருக்கிறார், உன் பெயர் எழுதி. இந்தக் கடிதத்தை அதற்குள் சொருகி அனுப்புகிறேன்.

மாதா உனக்கு ஒரு ராத்திரியாவது முழுத் தூக்கம் தரட்டும்.

உன்
அருண் ஜோசப்

பி.கு.: சுருளி அண்ணனுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. ஆனாலும் பல் அப்படியேதான் படுத்திருக்கிறது, நீ வரும் வரை விட்டுவைத்தால் திரும்ப வீங்கும். நானே எடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் எடுப்பேன் என்றதும் ஒத்துக்கொண்டார். எக்ஸ்ரேயை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கே கீறத் தொடங்க வேண்டும், எலும்பை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று நேரம் கிடைக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடு. சிக்னல் நன்றாக இருக்கிறது.