ஹீட்டர் பக்கத்தில் இரண்டு ஜோடி

என்னங்க,

ஓடிட்டு வந்துடறேன். வெளியில தூறல், குளிர் எலும்பு வரைக்கும் இறங்குது, தெரியும். மறுபடி ஆரம்பிக்காதீங்க. பால் காய்ச்சியாச்சு. குழாய் ரிப்பேர்காரர் எட்டு மணிக்கு வருவார், பெல் அடிச்சா எழுந்திரிங்க.

"இந்தக் குளிர்ல ஓடுறவளுக்கு மறை கழண்டிருக்கணும்"னு நேத்து கத்தினீங்களே, அப்புறம் நனைஞ்ச என் ஷூவுக்குள்ள பேப்பர் திணிச்சு ஹீட்டர் பக்கத்துல காய வச்சது யாராம்? கதகதப்பா இருக்கு. பாதிக் கோவம் போச்சு.

எழுதினப்புறம்தான் பார்த்தேன். ஹீட்டருக்குப் பின்னால உங்க ஷூ! ரெண்டு வருஷமா டப்பாவை விட்டு வெளியே வராதது. அதுக்குள்ளயும் பேப்பர், அடியில புதுச் சேறு. நான் வேலைக்குப் போனப்புறம் தனியா ஓடுறீங்களா?

மீதிக் கோவமும் போச்சு. நாளைக்கு ஆறு மணிக்கு எழுப்புவேன். மறை கழண்டவங்க ரெண்டு பேரும் சேர்ந்தே ஓடலாம்.