பெரியம்மா வீட்டில் ஓர் இடம்

1755 ஆகஸ்ட் 14, கானவாகே

"நான் மாவு இடிக்க மாட்டேன்" என்று இன்று நான் சொல்லவில்லை.

ஆங்கிலேயரோடு நடக்கும் சண்டைக்குப் பிரெஞ்சுத் தளபதி கேட்ட ஆட்களை அனுப்புவதென்று எங்கள் ஊர் ஆண்கள் நேற்றே முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் வழிச்சோற்றுக்குச் சோள மாவு எங்கள் உரல்களிலிருந்துதான் போக வேண்டும். எங்கள் குலத்தார் சேர்ந்து வாழும் நீள்வீட்டில் ஒரு பெண் உலக்கையைக் கீழே வைத்தாலும், வழக்கப்படி படை நின்றுவிடும். அதனால் அம்மா எங்களை உட்கார வைத்துக் கேட்டாள்: "யாருக்காவது மனசு ஒப்பலையா? இப்பவே சொல்லிடுங்கடி."

தெற்கே, ஆங்கிலேயர் பக்கம் இருக்கும் எங்கள் சனத்தின் ஊரான கனஜோஹாரியில் பெரியம்மாவின் ஒரே மகன் ஒரோன்யா ஆங்கிலேயரோடு புறப்பட்டுவிட்டான். என் அண்ணன் சவாத்திஸ் இங்கிருந்து போனால் இருவரும் எதிரெதிரே. எல்லோருக்கும் தெரியும்.

அனியேஸ் சித்தி என் பக்கம் திரும்பினாள். "மடத்துக்காரி என்ன சொல்றா? பிரெஞ்சுப் புஸ்தகத்துல இதுக்கு ஏதாச்சும் எழுதியிருக்கா?"

சிரித்தார்கள். கன்னியர் மடத்தில் வளர்ந்தவளுக்கு இங்கே வாய் ஏது? நானே அப்படி நினைத்துக்கொண்டு உலக்கையை எடுத்தேன்.

ஆகஸ்ட் 17

சவாத்திஸ் கிளம்பினான்.

"காட்டுல நம்ம பேச்சு கேட்டா, முதல்ல எந்தக் குலம்னு கேளு. கேக்காம சுடாதே," என்றாள் அம்மா.

"கேக்குறேம்மா. நம்ம ஓநாய்க் குலம்னா கட்டிப் புடிச்சுக்கிறேன். வேற குலம்னா உன் மாவைத் தின்னக் குடுக்கிறேன், தானா ஓடிருவான்."

தலையில் ஒரு தட்டு வாங்கினான். என்னிடம் மட்டும் சொன்னான்: "ரெண்டு ராஜாவும் கடலுக்கு அந்தாண்ட இருக்காங்க. அவங்க சண்டைக்கு நம்ம காடு."

"அப்புறம் ஏன் போறே?"

"ஆங்கிலேயன் இங்க வந்தா யாரு தடுப்பா? உன் கன்னியர்களா?"



ஆகஸ்ட் 29

மழை. செய்தி இல்லை.

செப்டம்பர் 4

மடத்தில் படித்த வரலாறுகள் நினைவுக்கு வருகின்றன. ஆற்றைக் கடந்த தளபதிக்குப் பெயர் உண்டு. அவனோடு கடந்தவர்கள் "துணைப்படை". அந்தத் துணைப்படைக்கு அம்மாக்கள் இருந்தார்களா என்று ஒருவரும் எழுதவில்லை.

செப்டம்பர் 19

வந்துவிட்டான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சாப்பிட மறுக்கிறான்.

மாலையில்தான் பேசினான். ஏரிக்குப் போகும் பாதையின் இருபுறமும் பதுங்கியிருந்தார்களாம்.

"ஆங்கிலேயனுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க நடந்து வந்தாங்கம்மா. நீ சொன்ன மாதிரி எந்திரிச்சு நின்னு, எந்தக் குலம்னு கேட்டேன். ஒரோன்யா அண்ணனுக்கு என் குரல் தெரிஞ்சுருச்சு. சிரிச்சான்மா. 'சவாத்திஸா?'ன்னு துப்பாக்கிய இறக்கிட்டு என்கிட்ட நடந்து வந்தான். எனக்குப் பின்னாடி இருந்த பிரெஞ்சுக்காரனுக்கு என்ன தெரியும்... சுட்டுட்டான்."

"நான்தானே கேக்கச் சொன்னேன்," என்றாள் அம்மா.

கேட்காவிட்டால் இவனே சுட்டிருப்பானோ? கேட்டதால் அவன் துப்பாக்கியை இறக்கினான். என்னதான் செய்திருக்கணும்? நான் அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா —

எழுத முடியவில்லை.

அக்டோபர் 8

சொல்லுக்குச் சாட்சியாக அனுப்பும் சிப்பிமணிப் பட்டையைப் பெரியம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு தெற்கிலிருந்து ஒருவர் வந்தார். அதை அம்மாவின் மடியில் வைத்து, பெரியம்மாவின் வார்த்தைகளை அப்படியே சொன்னார்: "எனக்குக் கோபமில்லை தங்கச்சி. என் வீட்டுல ஒரு இடம் காலியா கெடக்கு. புடிச்சு வந்த கைதி யாரையும் அதுல உக்கார வைக்க மனசு வரலை. உன் பையனை அனுப்பு."

எங்கள் வழக்கம் இது: இறந்தவன் இடத்தில் ஒருவன் மகனாக உட்கார வேண்டும். அவன் பெயரையும் ஏற்க வேண்டும். சவாத்திஸ் உடனே எழுந்தான். "போறேன்."

"போனா அவங்க பக்கம் ஆயிடுவான்க்கா!" என்று அனியேஸ் சித்தி அம்மாவின் கையைப் பிடித்து அழுதாள்.

பிள்ளையை இழந்த அக்கா கேட்கிறாள். அம்மா எப்படி இல்லையென்பாள்? பட்டையைத் திருப்பித் தந்தால் மறுப்பு; அவள் தரவில்லை.

1756 ஜூன் 3

சவாத்திஸை அங்கே ஒரோன்யா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வசந்தத்திலிருந்து ஏரிக்கரைக் கோட்டையில் ஆங்கிலேயரோடு இருக்கிறான்.

இன்று காலை எங்கள் ஆட்கள் அந்தக் கோட்டையைத் தாக்கப் புறப்பட்டார்கள்.