ஊசி குத்திய கோட்டு

அன்பு மகன் கஜரூபனுக்கு,

நேற்று மத்தியானம் ஒஸ்லோவில் உன் அண்ணன் சற்குணத்தின் வீட்டில் வந்து இறங்கினேன், முழங்கால் வீக்கத்தைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மெல்பேணில் நீயும் மருமகள் ஜெனிதாவும் பேரன் நிலனும் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரர் துணை. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி மக்டலீன் எழுதுகிறாள். போனில் சொல்லலாம்தான், ஆனால் அண்ணன் பேச்சை எடுத்ததும் வேலைக்கு நேரமாகுதப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஊரில் கோழிகளைப் பக்கத்து வீட்டு எமிலியா பார்த்துக்கொள்கிறாள், அதைப் பற்றி யோசிக்காதே.

அண்ணன் இங்கிருந்து அனுப்பின, கோட்டுப் போட்ட படம் வந்த வருசம் உனக்கு நினைவிருக்கும். இந்தியன் ஆமி வந்து இறங்கி, மழை பிந்தி, நம்முடைய செவலைப் பசு இரட்டைக் கன்று போட்ட வருசம். நீ பத்தாம் வகுப்பு. கறுப்புக் கோட்டும் பக்கத்தில் கல்லுச் சிங்கமுமாய் அவன் நின்ற படத்தை உன் அம்மா சந்தைக்கும் கோயிலுக்கும் கொண்டுதிரிந்தாள், என்ட மகன் துரை மாதிரி நிக்கிறான் பாருங்கோ என்று. பிறகு உன்னையும் கூப்பிடச் சொல்லி எழுதினோம். இஞ்ச வராத, குளிர் தாங்கமாட்டாய் என்று அவன் பதில் போட்டான். தான் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிக்கலாம், நான் வரப்படாதாம் என்று நீ அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டது என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று தொடங்கியது. அம்மா போன முப்பத்தோராம் நாள் சடங்கிலும் இரண்டு பேரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டீர்கள், ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்கும் ஒன்பது வருசமாகிவிட்டது.

இன்றைக்கு முதல் நாளென்று அண்ணன் என்னைப் பட்டணம் பார்க்கக் கூட்டிப்போனான். லிஃப்டில் ஏறிய வெள்ளைக்காரப் பெட்டை என்னைப் பார்த்து ஏய் என்றாள், இறங்கும்போது அடே என்றாள், எண்பத்தைந்து வயதுக் கிழவனை இப்படியா கூப்பிடுவது என்று எனக்குப் பொல்லாத கோபம். வீட்டுக்கு வந்து சொன்னபோது, மாமா, அது ஹெய், வணக்கமெண்டு அர்த்தம், மற்றது போயிட்டு வாறன் எண்டு சொல்லுறது என்று மக்டலீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். ஸ்டோவ்னரில் ரயில் ஏறினோம், அது வெளியில் ஓடிப் பிறகு நிலத்துக்குள் புகுந்தது. ஏறி வெளியே வந்தால் பெரிய தெரு, ஒரு அந்தத்தில் அரசருடைய மாளிகை, நூறு இருநூறு வருசத்துக் கட்டடங்கள், எல்லாம் நேற்றுத்தான் வெள்ளையடித்ததுபோல. பாராளுமன்றத்துக்கு முன்னால் திரும்பினேன், அந்தச் சிங்கம் இருக்கிறது. அதன் காலடியில் சின்னப் பிள்ளைகள் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டன.

நான் அண்ணனிடம் கேட்டேன், அந்த ஊசி குத்தின கோட்டு ஆர்ர கோட்டு மனே என்று. அவன் அப்படியே நின்றுவிட்டான். உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா என்றான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனபடியால் படத்தை நன்றாகப் பார்ப்பேன். அந்தக் கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு ஊசி குத்தியிருந்தது. படம் வந்து பத்து நாளில் அண்ணனோடு ஒஸ்லோவுக்குப் போன ரதீஸின் தகப்பன் வீட்டுக்கு விதைநெல் கேட்டுப் போனேன், சுவரில் ரதீஸ் நிற்கிறான், அதே சிங்கம், அதே கோட்டு, அதே ஊக்கு. உன் அம்மாவின் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வராமல் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீ கடிதத்தைக் கிழித்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். அன்றும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பிழை என்னுடையது, அண்ணனுடையது அல்ல.

கோட்டு பிலேந்திரன் என்ற மன்னார்ப் பெடியனுடையதாம். ஒரு அறையில் ஐந்து பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுப் படம் எடுத்தார்களாம், ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்க மற்ற நாலு பேரும் கமராவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்றார்களாம். அண்ணன் ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு அறைக்கு ஓடித்தான் வருவானாம், நடந்தால் விறைத்துப்போவானாம். அஞ்சு பேருக்கு ஒரு கோட்டு அப்பா, தம்பி வந்தா ஆறு, இதை எப்பிடி வீட்டுக்கு எழுத என்றான். சொல்லிவிட்டுச் சிங்கத்தின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது மகன். எழுதிக்கொண்டிருந்த மக்டலீன் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டாள், அவளுக்கும் இது தெரியாதாம். கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்ப எழுதுகிறோம்.

நிலனுக்குச் சளி என்றால் வேதுபிடி, ஜெனிதாவை வேலை வேலை என்று பட்டினி கிடக்கவிடாதே. நான் ஆவணி முதற்கிழமை வரைக்கும் இங்கே இருப்பேன், அதற்குள் ஒருதரம் இந்த வீட்டுப் போனுக்கு எடு. என்னோடு கதைக்க அல்ல. பிள்ளைகள் எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
கதிர்காமத்தம்பி (கைநாட்டு)

பிற்குறிப்பு: உறையின் பின்பக்கம் யாருடைய பெயரைப் போட மாமா, கொழுந்தன் பார்த்துவிட்டு உடைக்காமல் வைச்சிடுவாரோ என்று மக்டலீன் பயப்படுகிறாள். நீ இதை வாசிக்கிறாய் என்றால் உடைத்துவிட்டாய். அந்த அறையிலிருந்தவர்களில் ரதீஸ் ஊருக்குத் திரும்பிவந்து சண்டைக்குள் செத்துப்போனான், யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் பனியில் கார் சறுக்கிப் போனான், பிலேந்திரன் லில்லெஸ்ட்ரோமில் நெஞ்சுவலியில், றஜீவ் போன மார்கழியில். அந்தக் கோட்டைப் போட்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பவனின் பெயரைத்தான் போடச் சொன்னேன். உறையைத் திருப்பிப் பார், சற்குணம் என்றிருக்கும்.