மீன் கூடையின் மறுபக்கம்

மச்சான்,

நேற்று திங்கட்கிழமை. சிறுசேரி கம்பெனிக்குப் போகிற பெண் ஒருத்தி என் வாடகைக் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே மூக்கைச் சுருக்கினாள். "அண்ணா, இன்னா இது, மீன் வாசனை?" ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினேன். டிக்கியில் தார்ப்பாய் விரித்து, மேலே சாக்கும் போட்டு, சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் போகவில்லை என்றேன். "மீனெல்லாம் ஏத்துவீங்களா?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கிழம மட்டும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த வாசனையோடு நீயும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாய். நீ போய்ச்சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன் பழசைக் கொஞ்சம் கிளறிக்கொள்கிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். கோபித்தாலும் இனி என்னை என்ன செய்துவிட முடியும்?

கோவளம் கல்யாண வீட்டில் குடித்தது தெளிவதற்குள், விடிந்ததும் விடியாததுமாக பைக்கை எடுத்தோமே, அந்த நாள். நான் ஓட்டினேன், நீ பின்னால் இருந்தாய். மாமல்லபுரம் தாண்டி, குப்பத்து பஸ் ஸ்டாப்பில் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண்ணை இடித்தேன். அவர் விழுந்ததைத் திரும்பிப் பார்த்தேன். ரோடு முழுக்க மீன் கிடந்தது. "நிறுத்து மச்சான்" என்றாய் நீ. நான் நிறுத்தவில்லை. நீயும் இரண்டாவது முறை சொல்லவில்லை. நம் ஊர் செய்யூருக்கு வந்துதான் வண்டியை நிறுத்தினேன்.

அன்றோடு நான் குடியை விட்டேன். அது பொய்யில்லை. சபையில் எழுந்து சாட்சியும் சொன்னேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், சாக வேண்டியவன், கர்த்தர் என் உயிரைக் காத்தார் என்றேன். சபையே ஸ்தோத்திரம் என்றது. பக்கத்து ஊர்ச் சபைகளிலும் கூப்பிட்டார்கள். சொல்லிச் சொல்லி, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூட எனக்குப் பழகிவிட்டது. விழுந்தவரைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இருக்காது.

நீயும்தான் குடியை விட்டாய். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுக்கிற நேரம் பார்த்து, பாயிலிருந்து எழுந்து வெளியே போய்விடுவாய். செருப்பு விடுகிற இடத்தில், முடியும்வரை நிற்பாய். அதே குற்றம் செய்த நான் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்வேன். அதோடு விட்டேனா? "பின்மாற்றத்தில் இருக்கும் என் நண்பனுக்காக" என்று, நீதான் விசுவாசத்திலிருந்து வழுவிப்போனவன் போல, ஜெபக்குறிப்புச் சீட்டு எழுதிப் போட்டேன். பாஸ்டர் அதை மைக்கில் வாசித்தார். நம் சபையின் ஸ்பீக்கர் வாசலைப் பார்த்துக் கட்டியிருப்பது எனக்கு மறந்தேபோயிருந்தது. செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நீ அதைக் கேட்டாய். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அன்று மத்தியானம் டீக்கடையில், "யாரு மச்சான் அந்த பின்மாற்றக்காரன்?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். "சாட்சி நல்லாத்தான் சொல்ற. எனக்கே கண்ணு கலங்குது. ஆனா அதுல அந்தம்மாவ காணோமே."

"கர்த்தர் மன்னிச்சிட்டாரு" என்றேன்.

"மன்னிப்பாரு. ஆனா ரோட்டுல வுழுந்தது அவரு இல்லியே."

கேஸாகிவிடும், லைசென்ஸ் போய்விடும், கார் ஓட்டாமல் நான் எப்படிப் பிழைப்பது என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கும் பயமாத்தான் கீது. அதான் ரெண்டு வருசமா வெளிய நின்னுகினு கீறேன். நானும் பின்னாடி உக்காந்துகினு இருந்தவன்தானே" என்றாய். நீ என்னை மட்டும் குற்றம் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். உன்னையும் சேர்த்துக்கொண்டதும், "சரி, போய் அந்தம்மாவ பாத்துடலாம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை குப்பத்துக்குப் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்ததுமே, "பைக்குக்காரன் இடிச்ச அஞ்சலையா?" என்று வீட்டைக் காட்டினார்கள். இரண்டு வருடத்தில் அவர் பெயரே அப்படி ஆகியிருந்தது.

அஞ்சலை அக்காவின் வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. "நான்தான்கா இடிச்சேன். குடிச்சிருந்தேன். நீங்க வுழுந்தத பாத்தேன், நிக்கல" என்றேன். எத்தனையோ சபைகளில் பேசிய வாய், அந்த நாலு வார்த்தைக்குத் திக்கியது. "நானும் கூட இருந்தேன்கா" என்றாய் நீ.

அவர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இடிச்சது கூட போவட்டும். திரும்பிப் பாத்துட்டு போனியே, அதான் எனக்கு இன்னும் ஆறல."

ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் வருகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "ஸ்டேஷனுக்கு அலைஞ்சா என் யாவாரத்த யாரு பாப்பா? என்னால கூடைய தூக்க முடியல. தெனம் எவகிட்டயாவது கெஞ்சிகினு கீறேன். ஞாயித்துக்கிழமதான் சரக்கு ஜாஸ்தி. அன்னிக்கு காலைல வந்து தூக்கு. திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டுல கொண்டுபோய் வுடு."

"எத்தினி வாரத்துக்குக்கா?" என்றேன். என் புத்தி எங்கே போனது பார்.

"கை நேரா ஆவற வரைக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஆராதனை போய்விடுமே என்று வரும் வழியெல்லாம் முனகினேன். "அஞ்சு மணிக்கு கூடை, ஒம்போதரைக்கு ஆராதனை. குளிச்சிட்டு வந்தா ஆச்சு" என்றாய். குளித்தும் வாசனை போகவில்லை. பாயில் பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த மாதத் திருவிருந்தில் நீ எழுந்து போகவில்லை. மீன் நாறுகிற கையை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டாய். நான் எழுந்து, அஞ்சலை அக்காவைச் சேர்த்து சாட்சியைத் திருத்திச் சொன்னேன். ஸ்தோத்திரச் சத்தம் அன்று கொஞ்சம் குறைவுதான். பக்கத்து ஊர்ச் சபைகளும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ஆனால் எனக்கு மனசு லேசாக இருந்தது.

ஐந்து வருடம் கூடையின் ஒரு காதை நீ பிடித்தாய், மறு காதை நான் பிடித்தேன். பிறகு உன் சிறுநீரகம் கெட்டு, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பார்க்க வரும்போதெல்லாம் உன்னிடம் ஒரே கேள்விதான்: "ஞாயித்துக்கிழம போனியா?"

இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ போன பிறகு நான் குப்பத்துக்குப் போகவில்லை. முதலில் கடல் சரியில்லை, படகு இறங்கவில்லை. படகு இறங்கிய பிறகும் போகவில்லை. துக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி துக்கம், பாதி சோம்பல். கார் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பக்கம் சவாரி வராமலா இருக்கும்? வந்தால் வேறு வழியில் சுற்றிப் போனேன். மறுபடியும் நிற்காமல் போகிறவனாகிவிட்டேன், மச்சான்.

முந்தாநாள் ஞாயிறு விழிப்பு வந்தபோது உன் கேள்விதான் காதில் இருந்தது. கிளம்பிவிட்டேன். சவுக்குத் தோப்பு தாண்டி வளைவில் திரும்பினால், அதே பஸ் ஸ்டாப், அதே இடத்தில் அஞ்சலை அக்கா கூடையோடு நிற்கிறார். கால் தானாக பிரேக்கை மிதித்தது. இந்த முறை நின்றேன்.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. "உன் சிநேகிதன் எங்க?" என்றார்.

"போயிட்டான்கா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் டிக்கியைத் திறந்து, சாக்கை விரித்துவிட்டுக் கூடையிடம் வந்தேன். நிறையச் சரக்கு. ஒருவன் தூக்குகிற கனமில்லை. நீ நிற்கிற பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அந்தப் பக்கம் வந்தார். இடது கையால் கூடையின் காதைப் பிடித்து, கோணல் கையை அடியில் கொடுத்தார். "அழுதுகினே நிக்காத. மீனு கெட்டுடும். தூக்கு" என்றார்.

தூக்கினோம். நன்றாகவே தூக்கினோம்.

உன்னை நான் திரும்பப் பார்க்கிற நாளில் நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் போவேன். உன் பக்கத்துக்கு ஆள் இருக்கிறது, மச்சான்.