ஒட்டகச்சிவிங்கி லீவு

அக்கா,

இன்று காலை நம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒட்டகச்சிவிங்கி திரும்ப வந்து விழுந்தது. அதே குழந்தைச் சட்டை, அதே மஞ்சள் துணி, கட்டைவிரல் உயரத்துக்கு வரிசை வரிசையாக ஒட்டகச்சிவிங்கிகள். புதுப் பனியன் துணியின் வாசம் மூக்கில் ஏறியதும் எதிரே நீங்கள் நிற்பதாகவே நினைத்துவிட்டேன். நிமிர்ந்தால் ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பெண். காரணமே இல்லாமல் அவளிடம் சிடுசிடுத்தேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நீங்களும் வேலம்பாளையத்துக்காரி நானும் ஆறு மாதம் இந்தச் சட்டைகளைத்தானே எதிரெதிரே நின்று புரட்டினோம்? கறை, ஓட்டை, விட்டுப்போன தையல். நடுவில் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கேட்பீர்கள்: "ஏட்டி, நெசமாவே இம்புட்டு நீளமாவா கழுத்து இருக்கும்? இதுக்கு ஒரு பனியன் தைச்சா கழுத்துப் பட்டிக்கு எத்தன மீட்டர் வெட்டணும்?" எனக்கும் தெரியாது. நாம் இருவருமே அதை நேரில் பார்த்ததில்லை.

அதனால்தான் ஆயுத பூஜை முடிந்து கம்பெனியில் மைசூர் டூர் என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தீர்கள். மற்றவர்களுக்கு அரண்மனை, உங்களுக்கு ஒட்டகச்சிவிங்கி. ஆனால் முந்தின நாள் ஷிப்மென்ட் போக வேண்டியிருந்தது. சேர்ந்தாற்போல் இரண்டு ஷிப்ட் நின்றோம். வீட்டுக்குப் போய்க் குளித்ததோடு சரி, விடியும்போது பஸ்ஸில் இருந்தோம்.

மைசூரில் ஊர் சுற்றிக் காட்ட ஒரு கைடு மைக்கோடு ஏறினார். பாதி கன்னடம், பாதி தமிழ். அரண்மனைக்குள் அவர் கூரையைக் காட்ட எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீங்கள் மட்டும் முன்னால் நின்ற ஆளின் டீ-சர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறதாம், இதை எவள் பாஸ் பண்ணினாள் என்று என் காதில் கேட்டீர்கள். கைடு முறைக்கிற அளவுக்குச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு உங்கள் தெம்பும் தீர்ந்துவிட்டது போல. மத்தியானம் தயிர்சாதப் பொட்டலம் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்ததும் என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டீர்கள்.

மிருகக்காட்சி சாலை வாசலில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் உங்கள் கையைத் தொட்டேன். தொட்டதோடு சரி. கண்ணுக்குக் கீழே அத்தனை கறுப்பு, வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கட்டும், இந்தத் தூக்கம் மறுபடி எப்போது கிடைக்கும் என்று, துப்பட்டாவை மடித்து உங்கள் தலைக்கு அண்டை கொடுத்துவிட்டு இறங்கிப் போனேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன், அக்கா.

நீங்கள் கண் விழித்தபோது பஸ் சாமுண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. ஜூ எப்போது வரும் என்று கேட்டீர்கள். முடிந்துவிட்டது என்று சொன்னதும் உங்கள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இன்னைக்கு அது வெளிய வருலீங்க்கா. ஒடம்புக்குச் செரியில்லைன்னு உள்ளயே வெச்சிருக்கறாங்களாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்: "பாவம். அதுக்காவது லீவு குடுத்திருக்காவளே."

அதற்கப்புறம் அது நம் டேபிளின் பேச்சாகிவிட்டது. இடுப்பு விட்டுப்போனால், கால் வீங்கினால், எனக்கும் ஒட்டகச்சிவிங்கி லீவு வேணும் என்பீர்கள். சூப்பர்வைசரே சொல்லக் கற்றுக்கொண்டார். எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் மட்டும் அவ்வப்போது அதற்கு உடம்பு தேவலையாகியிருக்குமா என்று நிஜமாகவே கேட்பீர்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு இப்போது சொல்லி என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் காய்ச்சல் என்று ஊருக்குப் போனீர்கள். போனில் குரல் ஒடுங்கிப் போயிருந்தது. "ஒட்டகச்சிவிங்கி லீவுட்டி. நாலு நாள்ல வந்துருவேன்." ஐந்தாம் நாள் உங்கள் தம்பி கூப்பிட்டு, நீங்கள் போய்விட்டீர்கள் என்றார்.

அன்று ஜூவில் அது வெளியே வந்திருந்தது, அக்கா. ஒன்றல்ல, மூன்று. உள்ளே நுழைந்ததும் முதலில் அதுதான். பஸ்ஸிலிருந்து பத்து நிமிஷ நடைகூட இல்லை. கழுத்து நம் சட்டையில் இருப்பதைவிட நீளம். துணியில் இடம் பற்றாமல் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். கண் இமை மயிர் அவ்வளவு நீளம். அதில் ஒன்று ஒரு கிளையைப் பிடித்து ஒவ்வொரு இலையாக மென்றது. அதை யாரும் அவசரப்படுத்தவில்லை. கழுத்துப் பட்டிக்கு எத்தனை மீட்டர் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். சொல்லத்தான் நீங்கள் பக்கத்தில் இல்லை.

இந்த வருஷமும் மைசூர்தானாம். என் உடம்புக்கு மூன்று நாள் படுத்துத் தூங்கினாலே போதும். ஆனாலும் பெயர் கொடுத்திருக்கிறேன். எதிரே நிற்கும் ஒடிசாப் பெண்ணும் கொடுத்திருக்கிறாள், என் பக்கத்து சீட்டுதான். அவள் எவ்வளவு அசந்து தூங்கினாலும் அந்த வாசல் வந்ததும் உலுக்கி எழுப்பிவிடுவேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.