டார்ச்சுக்குப் போன பேட்டரிக் கட்டைகள்

அக்கா,

நைனாவின் டார்ச்சிலிருந்து பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி, வேர்க்கடலை காயும் பாயின் ஓரத்தில் வெயிலுக்கு வைத்திருக்கிறேன். சூடேறிய தகர வாசனை வருகிறது. தீர்ந்துபோன கட்டையும் வெயில் பட்டால் ரேடியோவில் இன்னும் நாலு பாட்டு பாடும் என்று காட்டியவள் நீ.

உன்னைச் சேலம் பக்கம் கட்டிக்கொடுத்ததும், வீட்டு வேலைக்கு ஆள் இல்லை என்று என்னை எட்டாவதோடு நிறுத்தினார்கள். பஸ் ஏறும்போது என் காதில் சொன்னாய்: "ஒரு மணிக்கு நேயர் விருப்பம் வெய்யி. நானும் அங்க வெக்கிறேன். ஒரே பாட்டுதான, பக்கத்துல குந்திகினு இருக்குற மாரி இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே உன்னோடு சேர்ந்து முணுமுணுப்பேன்.

பிறகு நீ நேயர் விருப்பத்துக்குக் கார்டு எழுதிப் போட்டாய். சிங்கவரம் என்று நம் ஊரையும் சொல்லி, நம் இருவர் பெயரையும் ரேடியோவில் வாசித்தார்கள். கையில் சாம்பலோடு அப்படியே நின்றேன். என் பெயரை அவ்வளவு மரியாதையாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

டீக்கடையிலிருந்து நைனா வந்தார். "கண்ணாலம் ஆவாத பொண்ணு பேரு கடையில கேக்குது. அவனவன் என்னப் பாத்து சிரிக்கிறான். யாரு எழுதனது?"

"அக்காதான் நைனா."

பயத்தில் சொன்ன அந்தச் சொல்லுக்கு இன்றும் கூசுகிறேன். ரேடியோவிலிருந்த கட்டைகள் டார்ச்சுக்குப் போயின. மாமாவுக்குக் கடிதம் போனது. அங்கே உன் ரேடியோ பரணில் ஏறியது. அதே கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் வாரம் தவறாமல் கார்டு போடுகிறார்கள். பெயர் வந்தால் எல்லோருக்கும் டீ வாங்கித் தருகிறார்கள். அவர்கள் பெயரால் போகாத மானம் நம் பெயரால் மட்டும் எப்படிப் போகும்?

"பாட்டு இல்லாம இந்த வூடு ரொம்பப் பெருசா இருக்குதுடி" என்று கடைசியாக எழுதியிருந்தாய். அடுத்த மாதம் மஞ்சள் காமாலை என்று தகவல் வந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "தனியா தவிச்சிட்டியேம்மா" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தனிமையைக் கடிதம் போட்டு அனுப்பியவர் அவர்தானே. அவரிடம் உன்னைக் காட்டிக்கொடுத்தவள் நான்.

போன வாரம் நானே ஒரு கார்டு எழுதினேன். முதலில் உன் பெயர், அடுத்து என் பெயர், கீழே ஊர். என்றைக்கு வாசிப்பார்களோ தெரியாது. தினமும் கட்டைகளைக் காயவைத்து ரேடியோவில் போடுகிறேன்.

நேற்று நைனா கேட்டார். "டார்ச்சுல கட்டையக் காணோம். யாரு எடுத்தது?"

"நாந்தான் நைனா."

அவர் என்னையே பார்த்தார். நான் தலை குனியவில்லை.

மணி ஒன்றாகப் போகிறது. வாசிப்பவருக்கு நீ இல்லை என்பது தெரியாது. டீக்கடைக்கே கேட்கும்படி நம் இருவரையும் சேர்த்தே கூப்பிடுவார்.