போகன்புரோக், மொத்தம் பத்தொன்பது

பிப்ரவரி 11

காலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒருத்தி ரவுண்டானாவுக்குள் நுழைந்து மூன்று சுற்று சுற்றினாள். வெளியே வர மனசே இல்லை. "இங்கேயே குடித்தனம் வச்சிடலாமா?" என்று நான் கேட்டதும்தான் இண்டிகேட்டர் போட்டாள்.

மத்தியானம் மாமா வீட்டுக்குக் கூப்பிட்டார். அன்டோனியஸ் போகன்புரோக். மகன் லூட்கரோடு எனக்கு விவாகரத்தாகி நாலு வருஷமாகிறது, இன்னும் இவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். நாக்கு பழகிவிட்டது. அவருக்கும் இத்தனை நாள் வேறு மருமகள் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டாள். லூட்கர் செப்டம்பரில் கல்யாணம் செய்துகொள்கிறானாம். பக்கத்து ஊர் அன்னகிரெட் ஹோல்ட்வெர்ட், பெரிய பண்ணைக்காரி, எண்ணூறு பன்றி, புருஷன் இறந்து சில வருஷம் ஆகிறது. ரொம்ப சந்தோஷம் என்றேன். பொய் இல்லை, பன்றிகளை நினைத்துத்தான் கொஞ்சம் கவலை.

"அதனால சொல்றேன்," என்றார். "ஒரே ஊருக்குள்ள ரெண்டு திருமதி போகன்புரோக் இருந்தா நல்லாவா இருக்கும்? நீ உன் பழைய பேருக்கே போயிடேன், மெஹ்டில்ட்."

என் பழைய பேர் மையர். இந்த நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஏதாவது ஒரு மையர் மண்டைதான் உடையும்.

பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்த முன் ரூமுக்கு பெயிண்ட் அடிக்கணும். அடுத்த வருஷம் யார் இருக்கப் போறாங்களோ" என்றார். அவர் வீட்டு முன் ரூமில்தான் என் டிரைவிங் ஸ்கூல் வகுப்பு நடக்கிறது. வாடகை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. மையர் என்றால் இரு, போகன்புரோக் என்றால் கிளம்பு. வாயால் சொல்லவில்லை, பெரிய மனுஷர் ஆயிற்றே.

பிப்ரவரி 13

நகராட்சியில் விசாரித்தேன். விவாகரத்து ஆனாலும் பேர் என்னுடையதுதான், ஒருத்தரும் பிடுங்க முடியாது. ஆனால் ரூம் என்னுடையது இல்லை. அங்கேதான் இடிக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

வழக்கம்போல மாமாவைப் பூசைக்குக் கூட்டிப்போய் வீட்டில் விட்டேன். கண் சரியில்லை என்று அவரே வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தலைக்கு மேல் வேலை. அதுவும் அன்னகிரெட் ஊரில்.

காபி கொடுத்தார். கூடத்துச் சுவரில் அந்த ஜெர்மனி மேப். டெலிபோன் டைரக்டரியில் போகன்புரோக் என்று வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு குண்டூசி. ரத்தம் என்றால் சிவப்பு, கட்டிக்கொண்டு வந்தவர்கள் வெள்ளை. எங்கள் ஊரைச் சுற்றி ஒரு கொத்து, பெர்லினில் ஒன்று, தெற்கே மலையடிவாரத்தில் வழி தவறிப்போன மாதிரி ஒன்று. "எட்டு கோடியில பத்தொன்பது" என்பார். சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், மீதி எட்டு கோடிப் பேரையும் இவரே உட்கார்ந்து கழித்துவிட்ட மாதிரி இருக்கும். என் மகள் ரீக்கே லைப்சிக்கில் வேலை பார்க்கிறாள், கைபேசி மட்டும்தான் வைத்திருக்கிறாள். டைரக்டரியில் பேர் இல்லை. ஆகவே தாத்தா கணக்கில் அவள் இன்னும் பிறக்கவில்லை.

வம்ச வரலாறும் இன்னொரு முறை கேட்டேன். சிலுவைப் போருக்குப் போன வீரன் ஒருவன் திரும்பி வந்தானாம், பிரபு அவனுக்கு இந்த நிலத்தைக் கொடுத்தாராம், அவன்தான் முதல் போகன்புரோக். ஆதாரம்? அவருடைய அப்பா சொன்னார். எங்கள் பக்கத்துப் பேச்சில் போகே என்றால் தவளை, புரோக் என்றால் சேற்று நிலம். வீட்டுக்குப் பின்னால் இன்றைக்கும் சேறு கிடக்கிறது, தவளையும் கத்துகிறது. வீரன் குதிரையோடு எந்தப் பக்கமாக வந்தான் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. டிசம்பர் ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கும் அந்த மேப்பில் ஒரு வெள்ளை ஊசி இருந்தது. விவாகரத்தான வாரமே பிடுங்கிவிட்டார். ஓட்டை அப்படியே இருக்கிறது, லூட்கரின் சிவப்பு ஊசிக்குப் பக்கத்திலேயே. கேக் தின்றுகொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7

லூட்கர் என் வண்டியை மறித்து நின்றான். நல்ல வேளை, ஸ்டீயரிங்கில் இருந்த மாணவன் பிரேக் போட்டான். போட்டிருக்க வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"அப்பா மனசை ஏன் நோகடிக்கிற? அபூர்வமான பேரு. அதைக் காப்பாத்த வேண்டியது எங்க கடமை இல்லையா?"

"இதுவரைக்கும் நீ எதைக் காப்பாத்தியிருக்க, ஒண்ணு சொல்லு."

"விளையாடாதே, மெஹ்டில்ட்."

"வண்டி மேல பாரு. பெரிய எழுத்துல போட்டிருக்கு. உன் பேரை இந்த ஜில்லா பூரா தலையில தூக்கிக்கிட்டுத் திரியறது நான். உன்னை எவனுக்குத் தெரியும்? நீ இன்சூரன்ஸ் விக்கப் போனா, 'நீங்க டிரைவிங் டீச்சருக்குச் சொந்தமா?'ன்னுதானே கேக்கறாங்க?"

அசடு வழிந்துகொண்டே போனான். அப்படித்தான் கேட்கிறார்களாம்.

ஏப்ரல் 2

"டிரைவிங் ஸ்கூல் மையர்" என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பக்கத்து ஊரில் அந்தப் பேரில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது.

சிரிக்கலாம்னுதான் எழுதினேன். சிரிப்பு வரல. கல்யாணமானப்போ எனக்கு இருபத்தி மூணு வயசு. இந்தப் பேருலதான் பிள்ளை பெத்தேன், இந்தப் பேருலதான் லைசென்ஸ் வாங்கி ஸ்கூல் ஆரம்பிச்சேன், இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கொடுத்தேன். ரீக்கே ஒரு பேரு, நான் ஒரு பேருன்னு ஆயிடணுமா? அவன் போனான், சரி. பேரு என்ன தப்பு பண்ணிச்சு? — வலிக்குது. இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப் போவதில்லை.

ஏப்ரல் 3

தாளைக் கிழித்துப் போட்டேன்.

மே 4, ஞாயிறு

மாமாவுக்கு இன்று வாயெல்லாம் பல். ஜூனில் குடும்ப நாள். மேப்பில் இருக்கும் எல்லா ஊசிகளும் நேரில் வந்து கேக் தின்னும் நாள். இந்த வருஷம் ஒரு விசேஷம் வைத்திருக்கிறாராம்: பண்ணை வீட்டு வாசல் உத்தரத்தைத் திறந்து காட்டப் போகிறார்.

இந்தப் பக்கத்துப் பழைய பண்ணை வீடு எதுவானாலும் பெரிய வாசலுக்கு மேலே உத்தரத்தில் கட்டினவர்கள் பேரும் வருஷமும் செதுக்கியிருக்கும். மாமா வீட்டில் மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது. அவருடைய அப்பா காலத்தில் அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டார்கள். எழுபதுகளில் ஊரே நாகரிகம் ஆனபோது, இவரும் முகப்பு முழுக்கச் சாம்பல் தகடு அடித்து அதையும் மூடிவிட்டார். தினமும் அதற்கு அடியில்தான் போய் வருகிறார். படித்ததே இல்லை.

"வீரனோட சின்னம் அங்கே இருக்கும்," என்றார். "எல்லாரும் கண்ணால பார்க்கட்டும். பேருன்னா ரத்தம்ங்கிறது புரியும். உனக்கும் முடிவெடுக்க லேசா இருக்கும்."

அன்னகிரெட்டையும் அழைத்திருக்கிறார். நான் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவர வேண்டுமாம். பேர் மட்டும் வேண்டாம், சாலட் வேண்டும்.

ஜூன் 14

எழுதியே ஆக வேண்டும்.

பத்தொன்பதில் பதினான்கு பேர் வந்தார்கள். மலையடிவாரத்து ஊசி நேரில் பார்க்க ரொம்ப நல்ல மனுஷன், ரயில்வேயில் வேலையாம். முற்றத்தில் நீள மேசை, வெண்ணெய் கேக், காபி, ஆளுக்கொரு சின்ன கிளாஸில் சாராயம். மாமா கோட்டும் டையுமாக நாற்காலி மேல் ஏறி நின்றார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சிலுவைப் போர் முடிய கால் மணி நேரம் ஆயிற்று.

பிறகு தச்சர் ஏணியில் ஏறித் தகட்டைக் கழற்றினார். முந்தின நாளே தகட்டை லேசாக நெம்பி, உள்ளே கையை விட்டுச் சுண்ணாம்பைச் சுரண்டி வைத்திருந்தாராம், ஈரத் துணியால் ஒரு துடை துடைத்ததும் எழுத்து பளிச்சென்று வந்தது. மாமாவுக்குக் கண் தெரியவில்லை. "சத்தமா படிங்க, யாராவது," என்றார்.

பெர்லின் ஊசி படித்தாள். "யோஹான் பெர்ண்ட் மையர், போகன்புரோக் என்று அழைக்கப்படுபவர், அவர் மனைவி அன்னா கெர்ட்ரூட் போகன்புரோக், இருவரும் இந்த வீட்டைக் கட்டினார்கள். 1792."

நான் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

"மையரா?" என்றார் மாமா.

"மையர்," என்றாள் பெர்லின் ஊசி.

அன்னகிரெட்தான் கேக்கை மென்றுகொண்டே சொன்னாள்: "இதுல என்ன ஆச்சரியம்? பண்ணைக்கு வாரிசு பொண்ணா இருந்திருக்கும். கட்டிக்கிட்டு வர்றவன் பண்ணைப் பேரை எடுத்துக்குவான். எங்க பக்கம் எல்லாப் பண்ணையிலும் அதுதானே வழக்கம். இவன் மையரா வந்திருக்கான், போகன்புரோக் ஆயிருக்கான். இவனுக்கு முன்னாடி எவன் எவன் வந்தானோ."

"அது ஏதோ ஒரு தடவை..." என்றார் மாமா.

"எங்க வீட்டுல எனக்குத் தெரிஞ்சே மூணு தடவை," என்றாள் அவள்.

மலையடிவாரத்துக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நாம எல்லாருமே மையரா?"

என்னால் முடியவில்லை. "வாங்க வாங்க," என்றேன். "எங்க வீட்டு ஆளுங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா சாலட் இன்னும் கொஞ்சம் செஞ்சிருப்பேனே."

சாராயத்தை இரண்டாம் முறை ஊற்றினார்கள். லூட்கர் மட்டும் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்னகிரெட்டும் உத்தரத்தைப் பார்த்தாள், அப்புறம் லூட்கரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சந்தையில் நல்ல கடாவைப் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து மாமாவை வீட்டில் விட்டேன். வண்டியிலிருந்து இறங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு உத்தரத்துக்கு அடியில் நுழைந்தார். பாவமாகத்தான் இருந்தது. கேலி செய்தது கொஞ்சம் அதிகமோ?

ரூம் விஷயம் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம் பார்த்தது போதும்.

ஜூலை 9

வேறு இடம் பார்த்தேன். சவப்பெட்டிக் கடைக்கு மேல் மாடி. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நல்ல சகுனம்.

ஜூலை 22

லூட்கர் மறுபடி வந்தான். இந்த முறை வண்டியை மறிக்கவில்லை, ஓரமாக நின்றான்.

"அன்னகிரெட் ஒண்ணு சொல்றா."

"சொல்லட்டுமே."

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் அங்கேதானே போய் இருக்கப் போறேன். அவ பண்ணைக்கு வர்றவங்க அவ பண்ணைப் பேரைத்தான் வச்சுக்கணுமாம். முதல் புருஷனும் அப்படித்தான் மாத்திக்கிட்டாராம். நான் முடியாதுன்னேன். அதுக்கு, 'உங்க அப்பாவே ஊரைக் கூட்டித் தகட்டைக் கழட்டிக் காட்டினாரே, அப்புறம் என்ன'ன்னு கேக்கறா."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. கையிடுக்கில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில்தான் கீழே விழுந்துவிட்டது.

"நீ என்ன சொல்ற?" என்று என்னிடம் கேட்டான். என்னிடம்.

"பேரு மாறினா ஒண்ணும் ஆகாது, லூட்கர். உன் பழைய பேருக்கே போயிடேன்னு பிப்ரவரியில உங்க அப்பா எனக்கு எவ்வளவு அழகா எடுத்துச் சொன்னாரு. போய் அவரையே கேளு."

"அவர்கிட்ட நீ கொஞ்சம் சொல்லேன்."

"கண்ணாடியைப் பார், தோளுக்கு மேல திரும்பிப் பார், அப்புறம் வண்டியை எடு. பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கறது அவ்வளவுதான்."

ஆகஸ்ட் 3

பேர் மாற்றிக்கொள்ளப் போவதை லூட்கர் அவரிடம் சொல்லிவிட்டானாம். மாமா இன்று கோயிலில் பாட்டுப் பாடவில்லை.

செப்டம்பர் 20

பதிவுத் திருமணம். மாமாவை என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். பின் சீட்டில், முறைக்குக் காத்திருக்கும் மாணவன் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரீக்கேயும் லைப்சிக்கிலிருந்து வந்திருந்தாள், தாத்தாவின் டையைச் சரிசெய்தாள்.

அதிகாரி வாசித்தார்: லூட்கர் ஹோல்ட்வெர்ட். அன்னகிரெட் தலையை ஆட்டினாள். மாமா காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார், பிறகு கையை இறக்கிவிட்டார்.

வெளியே வந்ததும் வண்டிக்கு எதிரே நின்றார். கூரை மேல் இருக்கும் போர்டை ரொம்ப நேரம் பார்த்தார். "எழுத்து மங்கிப்போச்சே," என்றார். "மாத்தக் கூடாதா?"

"எந்தப் பேருக்கு மாத்தணும், மாமா?"

கதவைத் திறந்துவிட்டேன், ஏறிக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து காபி.

மாமா மேப்புக்கு முன்னால் நின்றார். லூட்கரின் சிவப்பு ஊசியைப் பிடுங்கினார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மீதியை எண்ணினார், உதடு அசைந்தது. பதினெட்டு. மறுபடியும் எண்ணினார். அதுவும் பதினெட்டுதான்.

நான் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கண்ணாடி அலமாரியில் எல்லாம் தெரிந்தது. அவர் மேப்பில் விரலால் தடவித் தடவித் தேடினார். கண்ணுக்குத் தெரியாது, என் ஊசி இருந்த ஓட்டை அவ்வளவு சின்னது. கடைசியில் நகம் அதில் மாட்டியது. கையிலிருந்த ஊசியை அதில் குத்தினார். சிவப்பு ஊசி.

"பத்தொன்பது," என்றார்.

"ரீக்கேயைச் சேர்த்தா இருபது, மாமா."

"அவகிட்டதான் டெலிபோனே இல்லையே," என்றார் எரிச்சலாக.

நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு துண்டு கேக் தின்றார். மூன்றாவதற்குத் தட்டை நீட்டிக்கொண்டே, வகுப்பு ரூமுக்கு என்ன கலர் பெயிண்ட் அடிக்க என்று கேட்டார்.

வெள்ளை, என்றேன்.